முக்கோணக் கண்ணாடியும் மூன்று முழ ரப்பரும்

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1400 மில்லிமீட்டர். நான் வசிக்கும் போர்ட்லண்டில், ஆரிகன் மாநிலத்தில், 900-க்குச் சற்று மேல்தான். கணக்குப் பார்த்தால் எங்கள் ஊர் தோற்றுவிடும். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த ஊர் மழைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அக்டோபரில் தூற ஆரம்பித்தால் மே மாதம் வரை, கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதைப் போல, தூறிக்கொண்டே நிற்கும். எவ்வளவு மழை என்பதைவிட எத்தனை நாள் ஈரம் என்பதுதான் இரும்பைத் தின்கிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய டிரக்.

அது 1972-ஆம் வருடத்து ஷெவர்லே சி-10. முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒற்றை நீள இருக்கை, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. இங்கே பிக்-அப் என்று சொல்கிற வகை. பக்கத்து வீட்டுத் தச்சருடையது. முப்பது வருடத்துக்கு மேல் பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார்.

"விலை முக்கியமில்லை. உடைத்து உதிரி பாகமாக விற்கிறவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?"

கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து பிழைப்பை ஓட்டுகிற எனக்கு டிரக் எதற்கு? ஆனாலும் தலையாட்டினேன். உடைக்க விடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது எவ்வளவு எளிது, அதற்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கும் என்பது நம் புராணங்களைப் படித்த யாருக்கும் தெரியும்.

முதல் மழைக்காலத்தில் வலப்பக்கத்துக் கால்மிதி ஈரமாக இருந்தது. யாரோ ஈரச் செருப்போடு ஏறியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் மழைக்காலத்தில் மிதியைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடியதில் கதவின் முன்மூலையில் இருந்த சிறிய முக்கோணக் கண்ணாடி அகப்பட்டது. அதைச் சுற்றியிருந்த ரப்பர், வெயிலில் மறந்துவிட்ட வடகம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

அந்த ரப்பரை எப்படி மாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் விளக்கத்துக்கு அது தேவைப்படும்.

"என்னங்க, பாத்ரூம் தொட்டிக்கு வாங்கி வச்ச சிலிகோன் குழாயைக் காணோமே?" என்று மனைவி கேட்டபோது நான் கராஜில் இருந்தேன். முழுக் குழாயையும் அந்த வெடிப்புகளின் மேல் அப்பிவிட்டேன். கண்ணாடி இனித் திறக்காது. திறக்காவிட்டால் என்ன, ஒழுகாமல் இருந்தால் போதும் என்று எண்ணம். வண்டிக்குள் ஒரு வாரம் காடி நெடி அடித்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். குளியலறையில் பூசும் சாதாரண சிலிகோன் காய்கிறபோது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். அது பீங்கானை ஒன்றும் செய்யாது. இரும்பைத் துருவேற்றும்.

அடுத்த கோடையில் மிதியைத் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அது மறுபக்கம் போய்விட்டது. துளை வழியாகக் கராஜின் சிமென்ட் தரை தெரிந்தது. உடைக்க விடமாட்டேன் என்று சொன்னவன், சத்தமில்லாமல் கரைய விட்டிருந்தேன்.

இந்தக் கண்ணாடி எதற்கு?

ஊரில் பழைய அம்பாசடரில் போனவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முன்கதவில் பெரிய கண்ணாடிக்கு முன்னால், செங்குத்தான அச்சில் திரும்புகிற சின்ன முக்கோணம். குழந்தைகள் அதைத் திருப்பித் திருப்பிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொள்வார்கள். டிரைவர் பீடிச் சாம்பலை அதன் வழியே தட்டுவார்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1933-ஆம் வருடத்துக் கார்களில் இதைப் பெரிய புதுமையாக விளம்பரம் செய்து கொண்டுவந்தது. அதன் ஃபிஷர் பாடி பிரிவு இதற்குக் 'காற்றடிக்காத காற்றோட்டம்' என்று பொருள்படும் பெயரை வைத்தது. முரண்பாடு போலத் தோன்றினாலும் பெயர் சரியானதுதான். முக்கோணத்தைக் கொஞ்சமாகத் திறந்தால் அதன் பின்விளிம்பு வெளியே நீட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த விளிம்பைத் தாண்டிப் போகிற காற்று, அதன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். புகை, மூச்சின் ஈரம் எல்லாம் வெளியேறும். முகத்தில் காற்று அடிக்காது, மழையும் அதிகம் வராது. முழுக்கத் திருப்பினால் அதே கண்ணாடி முறம் மாதிரி வெளிக்காற்றை அள்ளி உள்ளே வீசும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது.

1960-களின் பிற்பகுதியில், கண்ணாடியைத் திறக்காமலே முன்பலகைத் துளைகள் வழியாகக் காற்று வரும் ஏற்பாடு பரவியது. 1968-ஆம் வருடத்து ஷெவர்லே கமாரோவில் இந்த முக்கோணம் போய்விட்டது. ஏர்கண்டிஷனரும் பரவவே கார்களிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. டிரக்குகளில் மட்டும் பல வருடங்கள் தாக்குப்பிடித்தது.

தண்ணீர் போகும் வழி

கதவுக்குள் தண்ணீரே போகக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. பெரிய கண்ணாடி ஏறி இறங்குகிற இடைவெளி வழியாக மழைநீர் கதவின் வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். அதற்காகவே கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கின்றன. உள்ளே போகும் தண்ணீர் அடிவழியே வெளியேறிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தண்ணீர் கதவைத் தாண்டி மனிதர் உட்காரும் பக்கம் வந்தால்தான் ஆபத்து.

முக்கோணக் கண்ணாடி இருக்கும் இடம் அதற்கு வசதியான இடம். முன்கண்ணாடியில் விழுகிற மழையெல்லாம் தூண் வழியாக வழிந்து நேராக அதன் மேல்தான் வருகிறது. வண்டி வேகமாகப் போகும்போது காற்று வேறு அதை அழுத்தித் தள்ளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதவுகளும் ஜன்னல்களும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே திறக்கும். முக்கோணக் கண்ணாடியின் அச்சு அதன் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. ஆகவே திறக்கும்போது அச்சுக்குப் பின்னால் இருக்கும் பகுதி வெளியே போகிறது; முன்னால் இருக்கும் பகுதி உள்ளே வருகிறது. மூடும்போது பின்பகுதி வெளியிலிருந்து வந்து ரப்பரில் அமர வேண்டும். முன்பகுதி உள்ளிருந்து வந்து அமர வேண்டும். அதனால் ரப்பரின் உதடு பின்பாதியில் கண்ணாடிக்கு உட்பக்கமும் முன்பாதியில் வெளிப்பக்கமும் இருந்தாக வேண்டும். மேல் அச்சு, கீழ் அச்சு ஆகிய இரண்டு இடங்களில் உதடு பக்கம் மாறுகிறது. முழு வளையத்திலும் பலவீனமான இடங்கள் அந்த இரண்டும்தான். திருப்பும்போதெல்லாம் ரப்பர் உராய்வதும் அங்கேதான். என் வண்டியில் முதல் கிழிசல் கீழ் அச்சில்தான் தொடங்கியிருந்தது.

ரப்பர் ஏன் சாகிறது?

ஊரில் மெக்கானிக்குகள் இதை 'பீடிங்' என்பார்கள். பார்ப்பதற்கு அது ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுப்பதாகத் தோன்றும். உண்மையில் ரப்பரின் வேலை ஒட்டுவது அல்ல; எதிர்த்துத் தள்ளுவது. கண்ணாடி வந்து அழுத்துகிறது, ரப்பர் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இருக்கும் வரை தண்ணீருக்கு வழியில்லை. நான் அப்பிய சிலிகோன் ஒட்டியது, தள்ளவில்லை. கதவை ஒவ்வொரு முறை அறைந்து சாத்தும்போதும் கண்ணாடி மயிரிழை அளவு அசைந்து, ஒட்டு விட்டு, இடுக்கில் தண்ணீர் போய் வெளியே வரமுடியாமல் தங்கிவிட்டது. முன்பாவது ஒழுகிக் காய்ந்தது.

பல வருடம் அழுந்தியே கிடந்தால் ரப்பர் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். விரலால் அழுத்திப் பார்த்தால் மீண்டு வராது. இது ஒரு சாவு. இன்னொன்று வெடிப்பு. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதியாகும் என்று கண்டுபிடித்தார். 1844-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் கந்தகம் சேர்த்த பிறகும் இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய மிஞ்சுகின்றன. காற்றில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடி வந்து வெட்டுகிறது. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பத்துப் பங்கு ஓசோன் இருந்தாலே போதும். இதில் கவனிக்க வேண்டியது, ரப்பர் இழுபட்டிருக்கும் இடத்தில்தான் ஓசோன் வெடிப்பு விழும். அதுவும் இழுவிசைக்குக் குறுக்காக. தளர்வாகக் கிடக்கும் ரப்பர் தப்பித்துவிடும். பொருத்தும் வேலைக்கு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மலாயாவின் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து மரம் சீவி எடுத்த பால் உலகத்தின் சக்கரங்களையெல்லாம் ஓட்டியது. ஆனால் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டிய இந்த வேலைக்கு வேறு சரக்கு வேண்டியிருந்தது. இன்று மாற்று ரப்பர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் வருகின்றன. எத்திலீன், புரொப்பிலீன் இரண்டையும் முதுகெலும்பாகக் கொண்ட அதன் மூலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓசோனுக்கு வெட்ட ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்கும் ஒரு எதிரி உண்டு: பெட்ரோலிய எண்ணெயும் கிரீசும் பட்டால் உப்பிவிடும்.

முதலில் நான் வரவழைத்த ரப்பர் மலிவானது. மூலையின் கோணம் சட்டத்தின் கோணத்தோடு ஒத்துப்போகவில்லை. நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நின்றது. திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவதாக வேறொன்று வாங்கினேன். பழைய ரப்பரை எவ்வளவு கந்தலாக இருந்தாலும் வேலை முடிகிற வரை எறியாதீர்கள். புதியது சரியா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

கழற்றுதல்

இனிச் சொல்வது என்னுடைய டிரக்கின் முறை. 1967 முதல் 1972 வரை இதே உடலமைப்பில் வந்த வண்டிகளுக்குப் பொருந்தும். மற்றவற்றிலும் அடிப்படை இதுதான்.

முந்தின இரவே எல்லாத் திருகுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு புகைப்படம் எடுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று மனம் சொல்லும், நம்பாதீர்கள்.

பெரிய கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அதை ஏற்றி இறக்கும் கைப்பிடியையும் கதவுக் கைப்பிடியையும் கழற்ற வேண்டும். 1972-ஆம் வருடத்து வண்டியில் அவற்றைப் பிடித்திருப்பது ஆலன் திருகு; அதற்கு முந்தைய வருடத்து வண்டிகளில் குதிரை லாடம் போன்ற ஒரு கம்பிக் கிளிப். அதற்கென்று ஒரு கருவி உண்டு. இல்லாவிட்டால் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணி நாடாவைக் கொடுத்து, ஷூ துடைப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் மாட்டிக்கொண்டு வெளியே வரும். துள்ளி ஓடும், கவனம். பிறகு உள்பக்கத் தகட்டைத் திறக்கலாம்.

நான் திறந்தபோது கதவின் உள்ளே, கீழ் அச்சுக்கு நேராக, நான்காக மடித்த ஒரு துணித்துண்டு செருகியிருந்தது. பக்கத்தில் தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் தட்டைப் பென்சில் ஒன்று. துணி என்ன என்று அப்போது புரியவில்லை. இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

பெரிய கண்ணாடியின் பின்பக்க ஓடுபாதையின் திருகுகளை எடுத்தால் கண்ணாடியைச் சற்றுப் பின்னால் நகர்த்தலாம். முக்கோணத்துக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவில் நிற்கும் கம்பத்தை உள்தகட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டை எடுங்கள். கதவுச் சட்டத்தின் மேல்முன் பகுதியில் மூன்று திருகுகள் இருக்கும். அவைதான் அடம் பிடிக்கும். தலையை வழுக்க விட்டால் அரை நாள் போய்விடும். பொருத்தமான முனையை வைத்து, சுத்தியலால் தட்டினால் திரும்புகிற வகை ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். பிறகு முழுச் சட்டத்தையும் பின்னால் இழுத்து, கால்வட்டம் திருப்பி, மேலே தூக்கினால் வந்துவிடும். தொட்டிலில் மாட்டிய குழந்தையின் காலை எடுப்பது மாதிரி, பலம் வேண்டாம், கோணம் வேண்டும்.

மேசையில் பழைய போர்வையை விரித்து அதன் மேல் வையுங்கள். கண்ணாடி பதப்படுத்தியது, நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் அடிபட்டால் பொரியாகச் சிதறிவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

கீழ் அச்சில் ஒரு சுருள்வில், அதைப் பிடிக்கும் நட்டு, நட்டு கழலாமல் இருக்கக் காது மடித்த வாஷர். காதை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, வருகிற வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். மேல் அச்சைப் பிடித்திருப்பது ரிவெட். அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். சென்டர் பஞ்சால் நடுவில் குழி போட்டு, முதலில் மெல்லிய பிட், பிறகு சற்றுப் பெரியது. ரிவெட்டின் தலை உதிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கை வழுக்கினால் சட்டத்தின் பளபளப்பு போய்விடும்.

பழைய ரப்பரைப் பிய்த்தெடுத்த பிறகு சட்டத்தின் பள்ளத்தில் என்னுடைய சிலிகோன் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் செம்மண் நிறத்தில் துரு. மரச்சீவலால் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துருத்தடுப்பு பெயின்ட் அடித்து இரண்டு நாள் காயவிட்டேன். இந்த இரண்டு நாளைத் தவிர்க்க ஆசை வரும். துருவின் மேல் ரப்பரை மாட்டினால் நாம் செய்வது மூடிவைப்பது மட்டும்தான். அதற்குச் சிலிகோனே போதுமே!

மாட்டுதல்

முதலில் எதுவும் தடவாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மூலைகள் மூலைகளில் உட்கார்கின்றனவா? அச்சுக்கான துளை அச்சுக்கு நேராக இருக்கிறதா? உதடு எங்கே பக்கம் மாறுகிறது? இடது வலது மாறிவிடாமல் பாருங்கள்.

வழுக்கலுக்குப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரே போதும். கிரீஸ் கூடாது என்று முன்பே சொன்னேன். சிலிகோன் எண்ணெய் ரப்பருக்கு நல்லதுதான். ஆனால் பின்னால் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி விழும்.

மூலைகளையும் அச்சு இடங்களையும் முதலில் உட்கார வையுங்கள். நேர்ப்பகுதிகள் கடைசியில். நேர்ப்பகுதி சற்று நீளமாகத் தோன்றும். அதை வெட்டவும் கூடாது, மூலையிலிருந்து இழுத்துச் சரிசெய்யவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி உள்ளே தள்ளுங்கள். இழுத்து மாட்டிய ரப்பர் அன்று அழகாக இருக்கும். சில மாதத்தில் சுருங்கி மூலையை விட்டு விலகும். ஈ.பி.டி.எம். ஓசோனுக்குத் தப்பினாலும் சுருக்கத்துக்குத் தப்பாது. கலப்பு ரப்பராக இருந்தால் இழுபட்ட இடத்திலேயே வெடிக்கும்.

கண்ணாடியின் கீழ் அச்சை முதலில் துளையில் இறக்கி, பிறகு மேல் அச்சைச் சேர்த்து, அதே அளவு ரிவெட்டை அடிக்க வேண்டும். அடியில் கனமான இரும்பைத் தாங்கு கொடுத்து, சின்னச் சுத்தியலால் பல தட்டுகள். ஒரே அடியில் முடிக்கப் பார்க்காதீர்கள். கம்பியில் கோத்ததை வரிசைப்படி இறக்கி நட்டை முறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம்? ஒரு விரலால் திருப்ப முடிய வேண்டும். வேகமாகப் போகும்போது காற்றடித்துத் தானாகத் திரும்பக் கூடாது. பிடித்த பிறகு வாஷரின் காதை மடிக்க மறக்காதீர்கள்.

சட்டத்தைக் கதவில் இறக்கியதும் எல்லாத் திருகுகளையும் பாதி மட்டும் முறுக்குங்கள். அந்த நடுக்கம்பம் முக்கோணத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பெரிய கண்ணாடியின் முன் ஓடுபாதையும் அதுவே. கம்பம் சற்றுச் சாய்ந்தாலும் பெரிய கண்ணாடி பாதியில் நின்றுவிடும். கண்ணாடியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, அது தனக்கான இடத்தைக் கண்டுகொண்ட பிறகு முழுக்க முறுக்குங்கள்.

புது ரப்பருக்குத் திமிர் அதிகம். கொக்கி எளிதில் மாட்டாது. கொக்கி வார்ப்பு உலோகம். பலம் போட்டால் முறியும். கண்ணாடியை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மெதுவாக மாட்டி, ஒரு வாரம் மூடியே வைத்திருங்கள். வெயில் பட்டால் விரைவில் படியும்.

சோதனை

ஒரு துண்டுத் தாளை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரித் தடை இருக்க வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் தள்ளல் இல்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் ரப்பரில் சாக்பீஸ் தூளைத் தடவி மூடித் திறங்கள். கண்ணாடியில் விழும் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

கடைசியில் தண்ணீர். உள்ளே ஒருவர் விளக்கோடு உட்கார, வெளியே ஒருவர் தோட்டக்குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாக வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகினாலும் கீழேதான் தெரியும், இடம் பிடிபடாது. என் மகள் உள்ளே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு சொட்டு!"

கீழ் அச்சு. வேறெங்கு! உதடு பக்கம் மாறுகிற இடத்தில் நான் அதை மடித்து உட்கார வைத்திருந்தேன். ஐஸ்கிரீம் குச்சியால் நிமிர்த்திவிட்டதும் நின்றது. இடக்கதவை அடுத்த வாரம் செய்தேன். முதல் கதவுக்கு இரண்டு முழு நாட்கள், பெயின்ட் காய்ந்த நாள் தனி. இரண்டாவதற்கு அரை நாள்.

கதவின் அடியில் இருந்த வடிகால் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். முப்பது வருடத்து மரத்தூள் வந்தது.

தரைத் தகட்டின் ஓட்டை என் கைவேலைக்கு அப்பாற்பட்டது. ஒரு வெல்டர் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துக் கொடுத்தார். ரப்பருக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு அதற்குக் கொடுத்தேன். சிலிகோன் குழாயின் உண்மையான விலை அதுதான்.

நவம்பரில் ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மையாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. தூறிக்கொண்டிருந்தது. "எந்த வண்டியில் போகலாம்?" என்று கேட்டேன். அவர் டிரக்கைக் காட்டினார். ஏறி உட்கார்ந்ததும் தன் கைப்பையை இடப்பக்கம் வைத்துவிட்டு, வலது முழங்காலின் மேல் கைக்குட்டையை விரித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"இங்கே எப்போதும் ஒரு சொட்டு விழும். வண்டி வாங்கிக் கொஞ்ச வருடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. சரி செய்கிறேன், சரி செய்கிறேன் என்பார். ஊருக்கெல்லாம் கூரை போட்டவருக்கு இதற்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் என் பழைய கவுனைக் கிழித்து உள்ளே எங்கேயோ செருகி வைத்தார்."

நான்காக மடித்த அந்தத் துணித்துண்டு நினைவுக்கு வந்தது. வீடு திரும்பியதும் பென்சிலோடு சேர்த்து அவரிடம் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்து நிமிடம் போயிருப்போம். முன்கண்ணாடி உள்பக்கம் புகைந்தது. அவர் பார்க்காமலே கையை நீட்டிக் கொக்கியைத் தள்ளி, முக்கோணக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தார். புகை மெல்ல விலகியது. டாக்டரின் இடம் வந்ததும் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.